தாடிக்காரக் கிழவன்ட புத்தகத்தப் பூட்டி வச்ச எங்கட ஊர் நூலகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நூலகக் குழுத் தலைவர் ஐயாவுக்கும், குழுவில இருக்கிற சேர்மார் டீச்சர்மாருக்கும்,

உங்கட கடிதம் கிடைச்சது. ‘த கிவர்’ எண்ட ஆங்கில நாவல் சிறுவர் பகுதியில இருந்து எடுக்கப்பட்டு உசாத்துணை அலுமாரியில வைக்கப்பட்டிருக்கு, 18 வயசுக்குக் கீழ ஆருக்கும் இரவல் குடுக்கிறதில்ல, சனிக்கிழமை வாசகர் வட்டத்தில இனிமேல் குழு அங்கீகரிச்ச புத்தகம் மட்டுந்தான் வாசிக்கலாம். காரணம் எண்டு ஒரு துண்டு வரி, ‘சிறுவர்களின் மனநிலைக்கு உகந்ததல்ல’. கீழ ஒப்பம், சீல். தேசிய வாசிப்பு மாதத்துக்கு எண்டு வாசல்ல கட்டின பெனர் இன்னும் கழட்டல, அதுக்குக் கீழால குனிஞ்சு வந்துதான் அந்தக் கடிதத்த வாங்கினன்.

சுத்தி வளைக்காமக் கேக்கிறன். குழுவில ஆராவது அந்தப் புத்தகத்த முழுசா வாசிச்சீங்களா?

ஏன் கேக்கிறன் எண்டா, கூட்டத்தில புத்தகம் கை மாறிக் கை மாறிப் போனதாம், எல்லாரும் அட்டையப் பாத்தவங்களாம், அட்டையில தாடி வச்ச கிழவர் ஒராள்ட கறுப்பு வெள்ளப் படம் இருக்கு, அதப் பாத்துட்டு இது மதம் மாத்துற புத்தகமோ எண்டு ஒராள் கேட்டவராம், மறுகா இன்னொராள் அடையாளம் வச்சிருந்த ஒரு பக்கத்தத் துறந்து காட்டி, பச்சப் புள்ளைய ஊசி போட்டுக் கொல்லுறாங்க, இதையா எங்கட புள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிற எண்டவராம், அதோட முடிவு எடுத்தாச்சாம். இத எனக்கு ஆரு சொன்ன எண்டு தேடித் திரிய வேணாம், எங்கட ஊர்ல கூட்டம் முடிய முதலே கதை கடைத்தெருவுக்கு வந்திடும்.

சரி, நீங்க வாசிக்கல்ல எண்டே வச்சிக்குவம். நான் சொல்றன். இத வாசிக்கிற மத்த ஊர்ச் சனமும் கேக்கட்டும், ஏனெண்டா இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டுமில்ல, ஆறேழு வருசமா ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்க எண்டு என்னட்டக் கேக்கிற அம்மாமாருக்கும்தான்.

லோயிஸ் லோரி எண்ட அமெரிக்க எழுத்தாளர் 1993ல எழுதின நாவல் அது. அடுத்த வருசமே, 1994ல, நியூபெரி மெடல் கிடைச்சது. அமெரிக்க நூலகச் சங்கம் சிறுவர் இலக்கியத்துக்குக் குடுக்கிற பெரிய பரிசு அது, அதாவது உங்களப் போல லைபிரரி வேலையில இருக்கிறவங்க தேடிப்புடிச்சுக் குடுத்த பரிசு. அதே அமெரிக்காவில பள்ளிக்கூட லைபிரரியில இருந்து இத எடுக்கச் சொல்லிக் கொஞ்சப் பேற்றோர் மல்லுக்கு நிண்டதும் நடந்ததுதான், 90கள்ல அப்பிடிக் கூட எதிர்ப்பு வந்த புத்தகங்கள்ட பட்டியல்ல இதுவும் இருக்கு. ஆக நீங்க முதலாவது ஆக்கள் இல்ல.

கதை ஜோனாஸ் எண்ட பொடியனப் பத்தினது. பன்னிரண்டு வயசு ஆகப் போறான். அவன்ட ஊர்ல பசி இல்ல, சண்டை இல்ல, களவு இல்ல, வெயில் மழை கூடக் குறைய இல்ல, எல்லாம் ஒரே சீர். ஆர ஆரு கலியாணம் முடிக்கிற எண்டு மூத்தோர் குழு ஒண்டு தீர்மானிக்கும், ஒரு வீட்டுக்கு ஒரு ஆம்புளப் புள்ள ஒரு பொம்புளப் புள்ள, அதையும் வேற பொம்புளையள் பெத்துக் குடுப்பாங்க. காலையில எழும்பினா ராவு கண்ட கனவ வீட்டாக்களுக்குச் சொல்லோணும், ராவைக்குச் சாப்பாடு முடிய அண்டைக்கு மனசு எப்பிடி இருந்திச்சு எண்டு சொல்லோணும். ஒம்பது வயசுக்குத்தான் சைக்கிள். பன்னிரண்டு வயசில எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டு, நீ இந்த வேலை, நீ அந்த வேலை எண்டு அந்தக் குழுவே பிரிச்சுக் குடுத்திடும், மாத்தித் தாங்க எண்டு ஆரும் கேக்கிறதில்ல.

ஜோனாஸுக்குக் கிடைக்கிற வேலைதான் கதை. அந்த ஊர் சந்தோசமா இருக்கோணும் எண்டதுக்காகப் பழசு எல்லாத்தையும் சனத்துட்ட இருந்து எடுத்தாச்சு, குளிர், நோவு, போர், பட்டினி, செத்த வீடு, அதோட சேத்து நல்லதுகளையும். அந்த ஞாபகம் முழுக்க ஒரே ஒரு கிழவர்ட்ட இருக்கு, அவர்தான் அட்டையில இருக்கிற தாடிக்காரர், பூசாரியும் இல்ல போதகரும் இல்ல. அவர் அந்த ஞாபகங்கள ஒண்டொண்டா இந்தப் பொடியனுக்குக் குடுக்கிறார். முதல்ல பனியில சறுக்கிற ஒரு ஞாபகம், பொறகு வெயில் சுடுறது, பொறகு கால் முறியிறது, அப்பிடியே போய்ப் போய்ப் போர் வரும். இதுக்கெல்லாம் முதலே அப்பிள் ஒண்டு வரும். அந்த அப்பிளுக்கு என்ன நடக்குது எண்டு நான் சொல்ல மாட்டன், வாசகர் வட்டத்திலயும் சொல்லல்ல, அத வாசிக்கிறவங்க தானாக் கண்டு புடிச்சாத்தான் ருசி. எங்கட வட்டத்தில அதக் கண்டு புடிச்சது ஒரு மெலிஞ்ச புள்ள, வாயே துறக்காத புள்ள, கதிரையில இருந்து எழும்பி நிண்டு கத்தினா, மிஸ் மிஸ் எனக்குத் தெரியும் எண்டு. அந்தப் புள்ளைய நீங்களும் காண்றதுதான், கவுண்டருக்கு முன்னால ஒதுங்கி நிண்டு அட்டைய நீட்டுற புள்ள.

நான் வாசிக்கிற விதத்தையும் சொல்லிடுறன், பொறகு ஆங்கிலம் தெரியாத புள்ளையளுக்கு எதுக்கு ஆங்கிலப் புத்தகம் எண்டு கேப்பீங்க. எட்டாம் ஆண்டும் அதுக்கு மேலயும் படிக்கிற புள்ளையளுக்குத்தான் இத எடுத்த. 23 அத்தியாயம், எல்லாம் சின்னச் சின்னது, ஆங்கிலம் கஷ்டமில்ல, ஓஎல் எடுக்கிற புள்ள டிக்‌ஷனரி அடிக்கடி துறக்காமலே வாசிக்கலாம். ஒரு பந்தி ஆங்கிலத்தில வாசிப்பன், பொறகு எங்கட பேச்சில கதையாச் சொல்லுவன், அடுத்த பந்திய ஒரு புள்ள வாசிக்கும், பிழையா வாசிச்சா ஆரும் சிரிக்கக் கூடாது எண்டது மட்டும் சட்டம். பனியெண்டா என்ன எண்டு விளக்கத்தான் பாடுபட்டன், மட்டக்களப்பில பனிக்கு எங்க போற, கடைசியில பக்கத்துக் கடை ஐஸ்பெட்டியத் துறந்து எல்லாரையும் கைய உள்ளுக்க வைக்கச் சொல்லி, கடைக்காரர்ட்ட ஏச்சும் வாங்கினம்.

பன்னிரண்டு வயசில வேலை பிரிச்சுக் குடுக்கிற அத்தியாயம் வந்த நேரம் ஒரு பொடியன் கேட்டான், "அப்ப அங்க ரியூசன் இல்லையா மிஸ்?" சிரிப்பு அடங்க முதல் பக்கத்தில இருந்த புள்ள சொல்றா, "இஞ்ச மட்டும் என்ன, அம்மாமாரெல்லாம் குழுக் கூடித்தானே டொக்டரா இன்ஜினியரா எண்டு முடிவெடுக்கிறாங்க." ஐஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப்புக்குப் புள்ளையள விடிய நாலு மணிக்கு எழுப்புற ஊர்ல இருந்து வார பேச்சு அது. அண்டைக்கு ஒரு மணித்தியாலம் புத்தகமே வாசிக்கல்ல, அதையே கதைச்சம். இப்பிடியான பேச்சு எங்கட பள்ளிக்கூடங்கள்ல எந்தப் பாடத்தில வரும் எண்டு நினைக்கிறீங்க?

இன்னொரு இடம். ஜோனாஸ்ட ஊர்ப் புள்ளையளுக்குத் தாய் தகப்பன்ட தாய் தகப்பன் ஆரெண்டே தெரியாது. புள்ளையள் வளந்து போனாப் பெத்தவங்க வேற இடத்துக்குப் போயிடுவாங்க, பொறகு வயோதிபர் இல்லம், அதோட சரி. கிழவர் அவனுக்குக் குடுக்கிற ஒரு ஞாபகத்தில ஒரு வீடு, அடுப்பு எரியுது, விளக்குப் பூட்டின மரம் ஒண்டு, அதில வயசான ரெண்டு பேர் சிரிச்சிட்டு இருக்காங்க, இவங்க ஆரு எண்டு அவன் திகைக்கிறான். மதம் மாத்துறது எண்டு நீங்க பயந்தது இந்த மரத்தையாத்தான் இருக்கும், கிறிஸ்மஸ் மரம். ஆனா எங்கட புள்ளையள் ஆரும் மரத்தப் பத்திக் கேக்கல்ல. "பெத்தா இல்லாத ஊரா மிஸ்?" எண்டுதான் கேட்டதுகள் (அம்மம்மா அப்பம்மாவ நாங்க பெத்தா எண்டுதான் கூப்பிடுற), அதுவும் ஏதோ சோறு இல்லாத ஊரப் பத்திக் கேட்ட மாதிரி.

இனி நீங்க பயந்த இடத்துக்கு வாறன்.

போர் ஞாபகம் வார அத்தியாயம் மிச்சம் சின்னது, சில பக்கந்தான். ஒரு யுத்த களம், புகை, ஜோனாஸும் காயப்பட்டுக் கிடக்கிறான், பக்கத்தில அவன்ட வயசொத்த ஒரு பொடியன் தண்ணி கேட்டு முனகுறான். அவ்வளவுதான். இரத்தத்தப் பூசி மெழுகி எழுதல்ல, வீரம் எண்டும் எழுதல்ல. வாசிச்சு முடிய ஆரும் பேசல்ல. பொறகு ஒம்பதாம் ஆண்டு படிக்கிற ஒரு பொடியன், என்னப் பாக்காமக் கொப்பியப் பாத்துக்கொண்டு சொன்னான், "எங்கட வீட்டில மாலை போட்ட படம் ஒண்டு இருக்கு மிஸ், அது மாமாவாம், ஸ்கூல் உடுப்போடதான் நிக்கிறார், எப்பிடிச் செத்த எண்டு கேட்டா அம்மா குசினிக்குள்ள போயிடுவா."

நான் ஒண்டும் விளக்கம் குடுக்கல்ல. வீட்டில கேளு மனே, அம்மா ஆறுதலா இருக்கிற நேரமாப் பாத்துக் கேளு எண்டு மட்டுந்தான் சொன்னன். அவன் போய்க் கேட்டிருக்கான். அம்மா அழுதிருக்கா, அப்பா ஆத்திரப்பட்டிருக்கார், அடுத்த நாள் முறைப்பாடு உங்கட மேசையில.

அந்தத் தகப்பனில எனக்குக் கோவமில்ல, அவர்ட வீட்டுக் கதைய நான் பறைய வரவும் இல்ல. யுத்தத்துக்கு வீட்டுக்கு ஒராள் எண்டு கேட்டு வந்த காலம் வாவிக்கு மேற்கால இருக்கிற எங்கட படுவான்கரையில எந்த வீட்டுக்குத் தெரியாது, ரியூசனுக்குப் போன புள்ள கோயிலுக்குப் போன புள்ள திரும்பி வராமப் போன காலம். ஆரு கூட்டிப்போன, எந்தப் பேருல கூட்டிப்போன எண்டு நான் இதில எழுதப் போறதில்ல, அது இந்தக் கடிதத்துக்கு வேணாத பேச்சு. நான் சொல்ல வாறது, அந்தப் பொடியன்ட கேள்வி புத்தகத்தில இருந்து வந்ததில்ல. அது சுவத்தில தொங்கின படத்தில இருந்து வந்தது. அவன் பொறந்த நாள்ல இருந்து அந்தப் படத்துக்குக் கீழ படுத்தெழும்பினவன், பிளாஸ்டிக் மாலை தூசி புடிச்சாத் துடைக்கிறதும் அவன்தானாம், ஆள் ஆரு எண்டுதான் சொல்லல்ல.

எங்கட புள்ளையள் யுத்தம் முடிஞ்ச 2009க்குப் பொறகு பொறந்ததுகள், அதுகளுக்கு ஒண்டும் தெரியாது, தெரியவும் வேணாம் எண்டு நீங்க நினைக்கிறீங்க. நல்ல மனசோடதான் நினைக்கிறீங்க, அத நான் மறுக்கல்ல. ஆனா 2007 பங்குனியில இந்தக் கரைச் சனம் மூட்டை முடிச்சோட வாவியத் தாண்டி எழுவான்கரைக்கு ஓடித் தரப்பாள் கொட்டிலுக்குள்ள இருந்த கதை, வெடிச்சத்தம் கேட்டா இப்பவும் கட்டிலுக்குக் கீழ குனியிற தாயப் பாக்கிற புள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்? தீபாவளிக்கு வெடி கொளுத்த விடாத வீடு எத்தனை இருக்கு எங்கட ஊர்ல. புள்ளையளுக்குப் பயம் தெரியும், பயத்துக்குக் காரணந்தான் தெரியாது, அந்தக் கிழவர்ட ஊர் இதவிட மேல், அங்க ரெண்டுமே தெரியாது.

எங்கட பெத்தா 78 சூறாவளிய வருசா வருசம் கார்த்திகை 23க்குச் சொல்லுவா. கூரை பறந்தது, தென்னை எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சது, விடிய எழும்பிப் பாத்தா அடுத்த ஊர் கோயில் கோபுரம் இஞ்ச இருந்து தெரிஞ்சதாம், நடுவில மரமே இல்லையாம். நாங்க பயந்து போய்க் கேப்பம், அடுத்த வருசமும் கேப்பம். அதக் கேட்டு ஆருக்கும் மனநிலை கெடல்ல, 2004 சுனாமி வந்த நேரம் எங்க ஓடோணும் எப்பிடி ஓடோணும் எண்டு கத்தினது அந்த மனிசிதான், கடலுக்குக் கிட்ட கலியாண வீட்டுக்குப் போயிருந்த எங்கள இழுத்துக் கொண்டு ஓடினா. சூறாவளியச் சொல்ல ஏலும் எண்டா, மனிசன் மனிசனுக்குச் செஞ்சத மட்டும் ஏன் சொல்ல ஏலாமப் போகுது?

இந்தப் புத்தகம் எப்பிடி வந்த எண்டதையும் கேளுங்க. எழுதினவட தாயும் தகப்பனும் வயசு போய் ஒரு பராமரிப்பு இல்லத்தில இருந்தவங்க. தாய்க்குக் கண் தெரியாது, ஆனா எல்லாம் ஞாபகம், பெத்த மூத்த மகள் இளம் வயசில செத்ததையும் சேத்து எல்லாத்தையும் சொல்லுவாவாம். தகப்பனுக்கு உடம்பு நல்லம், ஞாபகம் போகத் தொடங்கிட்டுது. ஒரு நாள் செத்துப்போன அந்த மகள்ட படத்தக் காட்டி, இவவுக்கு என்ன நடந்த, எனக்கு ஞாபகம் வருதில்ல எண்டு கேட்டாராம். மகள் செத்ததே அவருக்கு மறந்து போச்சு. நோவ மறந்திட்டா எவ்வளவு சுகம் எண்டு முதல்ல தோணி, அப்பிடி மறக்கிறது பத்திரமான விசயமா எண்டு அதுக்குப் பொறகு தோணி, அந்த யோசினையும் சேந்துதான் நாவல் வந்த எண்டு நியூபெரி மெடல் வாங்கின மேடையில சொன்னவ. அமெரிக்காவில ஒரு தகப்பன் படத்தக் காட்டிக் கேட்ட கேள்வியும், படுவான்கரையில ஒரு பொடியன் படத்தக் காட்டிக் கேட்ட கேள்வியும் ஒண்டுதான். அந்தத் தகப்பனுக்குப் பதில் சொல்ல மகள் இருந்தா. எங்கட பொடியனுக்கு ஒரு புத்தகம் இருந்திச்சு, அத நீங்க எடுத்து அலுமாரியில வச்சிட்டீங்க.

ஊசி போடுற பக்கத்தப் பத்தியும் சொல்லாம விட ஏலாது. (புத்தகத்த இன்னும் வாசிக்காத ஆக்கள் இந்தப் பந்தியத் தாண்டிப் போங்க, எனக்குக் கதையக் கெடுக்க விருப்பமில்ல, ஆனா குழு அந்தப் பக்கத்தத்தானே துறந்து பாத்திருக்கு.) ஓம், அப்பிடி ஒரு இடம் இருக்கு. இரட்டப் புள்ளையில பாரம் குறைஞ்ச புள்ளைய ஜோனாஸ்ட தகப்பனே ஊசி போட்டு அனுப்புறார், அதுவும் கொஞ்சிக் கொஞ்சிக் கதைச்சுக்கொண்டு. வாசிச்ச எனக்கே அண்டைக்கு ராவு நித்திரை வரல்ல. ஆனா அது செய்யிறவருக்குப் பிழையெண்டே விளங்காது, ஏனெண்டா ஊர்ச் சட்டம் அதுதான், கேள்வி கேக்க அவர் படிச்சதே இல்ல, அதக் கண்டுதான் பொடியன் துடிச்சுப் போறான், கதையே அந்த இடத்திலதான் திரும்புது. அது கொலையக் கத்துக் குடுக்கிற பக்கமில்ல. அந்த ஒரு பக்கத்த மட்டும் துறந்து பாத்தா அப்பிடித்தான் தெரியும், எந்தப் புத்தகத்திலயும் ஒரு பக்கத்தப் புடுங்கிப் பாத்தா அப்பிடித்தான், மகாபாரதத்தில பாஞ்சாலிட சேலைய உருவுற இடத்த மட்டும் துறந்து பாத்தா என்ன சொல்லுவீங்க? எங்கட ஊர்களில வருசத்துக்கு வருசம் விடிய விடியக் கூத்துப் போட்டுப் புள்ளை குட்டியோட இருந்து பாக்கிறம், அபிமன்யு சாகிற இடத்துக்குக் கிழவியள் ஒப்பாரி வைக்காத குறை. பதினாறு வயசுப் பொடியன வளைச்சு நிண்டு கொல்லுற கதைதானே அது. ஆரும் தடை போடல்ல, போடவும் கூடாது.

அதோட அந்த அத்தியாயத்த நான் சும்மா வாசிக்கல்ல. அதுக்கு முதல் கிழமையே எல்லா வீட்டுக்கும் துண்டு அனுப்பி, இப்பிடி ஒரு இடம் வருது, விருப்பமில்லாட்டிப் புள்ளைய அனுப்ப வேணாம், விருப்பமெண்டா நீங்களும் வாங்க எண்டு கேட்டிருந்தன். கொஞ்ச அம்மாமார் வந்தாங்க, பின் வாங்கில இருந்தாங்க, அதில ஒராள் முடிய வந்து கேட்ட கேள்வி, "தமிழ்ல இப்பிடிக் கதை இல்லையா டீச்சர், நானும் வாசிப்பன்." அந்தத் துண்டுக் கொப்பி என்னட்ட இருக்கு, வேணுமெண்டா கொண்டு வந்து காட்டுறன். முறைப்பாட்ட விசாரிச்ச நீங்க என்ன ஒரு சொல்லுக் கேக்கல்ல, அதுதான் மனசுக்கு மிச்சம் கஷ்டம்.

பண்பாட்டுக்கு ஒவ்வாது எண்டு ஒரு டீச்சர் சொன்னவவாம். ஜோனாஸ் காணுற ஒரு கனவ வச்சுத்தான் சொல்லியிருப்பா, ஒரு பக்கம் கூட வராது, வளர்ற வயசில எல்லாப் புள்ளைக்கும் வாரதுதான், உடனே தாய் குளிசையக் குடுத்து அத நிப்பாட்டிடுவா. மாமி மருமகளுக்கு நஞ்சு வைக்கிற சீரியலக் குடும்பமா இருந்து பாக்கிற ஊர்ல இதப் பத்தி நான் மேல எழுத மாட்டன்.

இன்னொண்டு. இந்த எழுத்தாளர் சின்ன வயசில கொஞ்சக் காலம் ஜப்பான்ல இருந்தவ, தகப்பன் ஆமியில வேலை. டோக்கியோ நடுவில அமெரிக்கக் குடும்பங்களுக்கெண்டு வேலி போட்டு ஒரு குடியிருப்பு, உள்ளுக்க எல்லாம் அமெரிக்கா மாதிரி. இவ சைக்கிள எடுத்துக்கொண்டு கேற்றத் தாண்டி வெளியால போய், விளங்காத பாசை பேசுற தெருவில திரிஞ்சு, அங்க உள்ள புள்ளையள வேடிக்கை பாத்துட்டு வருவாவாம். இதையும் அந்த மேடையிலதான் சொன்னவ. இத நான் வட்டத்தில சொன்னதும் புள்ளையளுக்கு விளக்கம் தேவைப்படல்ல. எங்கட பக்கம் ஒரு ரோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ் ஊர் அந்தப் பக்கம் முஸ்லிம் ஊர், சந்தைக்குப் போவம் வருவம், கைக்கடன் வாங்குவம், வெள்ளாமை வெட்டுக்கு ஒண்டா நிப்பம், ஆனா அந்த ஊர்ப் புள்ள ஒண்டிட பேர் எங்கட புள்ளைக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் வேற, லைபிரரி வேற. 1990ல ரெண்டு பக்கமும் என்ன நடந்த எண்டதும் ரெண்டு ஊர்லயும் வேற வேறயாத்தான் சொல்லப்படுது, சொல்லப்படுற வீடுகள்ல. அடுத்த ஊர் லைபிரரியில ஒரு ஆசிரியர் இதே மாதிரி வட்டம் நடத்துறார், இந்தப் புத்தகத்த ரெண்டு ஊர்ப் புள்ளையளும் ஒண்டா இருந்து வாசிப்பமா எண்டு கதைச்சு, நாள் குறிக்கிற நேரத்திலதான் உங்கட கடிதம் வந்திச்சு.

முடிவ நான் இங்க எழுதல்ல. வட்டத்திலயும் முடிவுக்கு நாங்க போய்ச் சேரல்ல, கடைசி மூண்டு அத்தியாயம் மிச்சம் இருக்கு. ஜோனாஸ் சைக்கிள்ல ராவோட ராவா வெளிக்கிடுற இடத்தில நிக்கிறம். புள்ளையள் கடையில, ரோட்டில, கோயில்ல என்னக் காணுற இடமெல்லாம் அவன் தப்பினானா தப்பினானா எண்டு கேக்குதுகள். நான் சொல்ல மாட்டன் எண்டு சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. நீங்க மனநிலை பாதிக்கும் எண்டு சொன்ன புள்ளையள்ட நிலைமை இதுதான், ஒரு புத்தகத்தின்ட கடைசி மூண்டு அத்தியாயத்துக்கு ஏங்கிக்கொண்டு திரியுதுகள். இந்த ஃபோன் காலத்தில இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு லைபிரரி நடத்துற உங்களுக்கு நான் சொல்லித் தரோணுமா?

இப்ப நான் கேக்கிறதுகள்.

முதலாவது, புத்தகத்த அலுமாரியில இருந்து எடுத்துத் திரும்ப இரவல் பகுதியில வைங்க. சிறுவர் பகுதியில படப் புத்தகத்தோட வைக்கச் சொல்லல்ல, அஞ்சு வயசுப் புள்ளைக்கு இது வேணாம் எண்டு எனக்கும் தெரியும். பன்னிரண்டு வயசுக்கு மேல எண்டு ஒரு தட்டு ஒதுக்குங்க, எங்கட லைபிரரியில அம்புலிமாமாவுக்கும் பாஸ்ட் பேப்பருக்கும் நடுவில அந்த வயசுப் புள்ளைக்கெண்டு ஒண்டுமே இல்ல, அதையும் இதோட சேத்துப் பாருங்க. எந்தப் பெற்றாருக்காவது தன்ட புள்ள இத வாசிக்க வேணாம் எண்டு இருந்தா, தன்ட புள்ளைட அங்கத்துவ அட்டையில அப்பிடிக் குறிச்சு வைக்கச் சொல்லட்டும். அது அவங்கட உரிமை. மத்தவங்கட புள்ளைக்கும் சேத்து அவங்க முடிவெடுக்க ஏலாது, நீங்களும் அதுக்கு இடம் குடுக்கக் கூடாது.

அடுத்தது, சனிக்கிழமை வட்டத்துக்குப் போட்ட அங்கீகாரச் சட்டத்த எடுங்க. ஒவ்வொரு புத்தகத்துக்கும் குழு கூடி ஒப்பம் வைக்கிற வரைக்கும் காத்திருந்தா புள்ளையள் ஏஎல் முடிச்சிடும். நான் என்ன வாசிக்கிறன் எண்ட பட்டியல மாசம் பிறக்க முதல் அறிவித்தல் பலகையில போடுறன், ஆட்சேபனை இருக்கிறவங்க என்னட்ட வந்து கேக்கட்டும், உங்கள்ள ஒராள் ஒவ்வொரு கிழமையும் வந்து பின் வாங்கில இருங்க. வரச் சொல்லித்தான் கேக்கிறன்.

மூண்டாவது, இனி ஒரு புத்தகத்துக்கு முறைப்பாடு வந்தா, எடுக்கிறதுக்கு முதல் குழுவில குறைஞ்சது ரெண்டு பேர் அத முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிக்கோணும், அத வாசிக்கிற புள்ளையளையும் கூப்பிட்டுக் கேக்கோணும், முடிவுக்குக் காரணத்தப் பக்கத்தோட எழுத்தில தரோணும். முடிவெடுக்கிற வரைக்கும் புத்தகம் தட்டில இருக்கோணும். இத எழுதி அறிவித்தல் பலகையில ஒட்டுங்க. ஆங்கிலம் கஷ்டமெண்டா நான் வந்து வாசிச்சுச் சொல்றன், சும்மா சொல்லல்ல, தலைவர் ஐயா, நீங்க நாள் சொல்லுங்க, தேத்தண்ணி மட்டும் தந்தாப் போதும்.

அடுத்த ஊரோட சேந்து வாசிக்கிறதுக்கு மண்டபத்த ஒரு சனிக்கிழமை பின்னேரம் தாங்க. கதிரை நாங்களே போடுவம், நாங்களே அடுக்குவம்.

பதில அடுத்த குழுக் கூட்டத்துக்கு முதல் எழுத்தில எதிர்பாக்கிறன், வாய்ப் பேச்சில வேணாம். அந்தப் பதில்ல இன்னொரு விசயத்துக்கும் ஓம் எண்டோ இல்லை எண்டோ எழுதுங்க: இந்த நாவலுக்குத் தொடர்ச்சியா அதே எழுத்தாளர் இன்னும் மூண்டு எழுதியிருக்கா, ‘கதரிங் ப்ளூ’ 2000ல, ‘மெசெஞ்சர்’ 2004ல, ‘சன்’ 2012ல. அடுத்த வருசம் புத்தகம் வாங்க வார காசில அந்த மூண்டையும் வாங்கித் தாங்க.

இப்படிக்கு,
சனிக்கிழமை வாசகர் வட்டத்த நடத்துற ஒரு தாய்,
படுவான்கரை, மட்டக்களப்பு